நாங்க வாங்கிக் குடுத்த கேமரா

எஸ்.பி. அய்யா மீட்டிங்ல இருக்காருங்களாமா. இப்பத்தான் அந்த ஏட்டு வந்து சொல்லீட்டுப் போனாரு. மீட்டிங்குன்னா சாமானியத்துல முடியாதுங்க. எனக்கு இங்க வந்து வந்து பழகிப் போச்சு. போன தடவை வந்தப்ப கேம்ப்புன்னாங்க. அதுக்கு முந்தி யாரோ மந்திரி வர்றாருன்னாங்க. நீங்க என்ன விசயமா வந்திருக்கீங்க? வண்டித்தடப் பிரச்சனைங்களா? அது சரி. அது இழுக்குமுங்க.

என்னோடது வேற மாதிரி. எங்க ஊரு ஸ்டேஷன் மேலயே மனுக் குடுக்க வந்திருக்கறனுங்க. அதுலயும் என்ன கூத்துன்னா, அந்த ஸ்டேஷன் இன்னிக்கு அப்படி நிக்கறதே எங்களாலதான்.

நமக்குப் புங்கவலசுங்க. ஊரைச் சுத்தி தேங்காக் களம், கொப்பரைப் பருப்பு ஒணத்தற ஊரு. பஸ் ஸ்டேண்டுக்கு எதுத்தாப்புல மோட்டார் பம்புக் கடை அவிநாசியப்பன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. வியாபாரிகள் சங்கத்துக்கு ரொம்ப வருசமா நாந்தான் செயலாளர். இருந்தேன்னு சொல்லோணும். இப்ப இல்லீங்க.

ஸ்டேஷன் அப்பவெல்லாம் ஓட்டுக் கட்டடமுங்க. மழை வந்தா ரைட்டர் மேசையத் தூக்கிட்டு மூலைக்கு மூலை ஓடுவாரு. ஜீப்பு நிக்கும், டீசல் இருக்காது. திருட்டுன்னு கம்ப்ளைண்ட் குடுக்கப் போறவன் அவன் கார்லயே போலீசை ஏத்திட்டு வரோணும். கேட்டா நிதி ஒதுக்கலைங்கறது. எத்தனை மனு குடுத்தாலும் நிதி ஒதுக்கலை. சரின்னு சங்கத்துல கூடிப் பேசி நாங்களே பண்ணிக் குடுத்தமுங்க. மேக்கூரை மாத்தினோம். போர் போட்டோம். அதுல எறங்கியிருக்கற மோட்டார் என்ற கடை மோட்டாருங்க. இன்ஸ்பெக்டர் ரூமுக்கு ஏசி. ரோட்டுல வெக்கற இரும்புத் தடுப்பு அத்தனையும் சங்கத்து உபயம். ஜீப்புக்கு டீசல் நம்ம பங்க்குல போட்டுக்குவாங்க. அப்பறம் கேமரா. முக்குக்கு முக்கு கேமரா. அதுதானுங்க பெரிய வேலை.

அதுக்கு ரெண்டு டிவி. ஒண்ணு ஸ்டேஷன்ல, ஒண்ணு தலைவர் மில்லு ஆபீஸ்ல. தலைவர்னா நடராஜமூர்த்தி, எண்ணெய் மில்லுக்காரர். சங்கம் ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவருதான் தலைவர். மில்லுல எதுக்கு ஒண்ணுன்னு நீங்க கேக்கலாம். ஊரு நல்லதுக்குத்தானுங்க. போலீசுக்கு ஆயிரம் சோலி. நம்மாளு ஒருத்தர் பார்த்துட்டு இருந்தா ஒத்தாசைதானுங்களே.

அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் தங்கமான மனுசனுங்க. ஒரு போன் போட்டாப் போதும். களத்துல ஆளுக தகராறு பண்ணுனா, கடைக்கு முன்னால எவனாவது தள்ளுவண்டி நிறுத்துனா, வேலைக்காரன் சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டா, கூப்பிட்டு உக்கார வெச்சு நாலு வார்த்தை கேப்பாரு. அவ்வளவுதான். அடுத்த நாள் எல்லாம் சரியாப் போயிரும். கேஸுன்னு ஒண்ணு கெடையாது. ஊரு அமைதியா இருந்துச்சு. அந்த அமைதி இனி வராதுங்க.

அவரு மாறிப் போனதும் ஒரு அம்மா வந்தாங்க. இசக்கியம்மாள்னு பேரு. திருநெல்வேலிப் பக்கம். நாங்க சால்வை, பழத்தட்டு எல்லாம் எடுத்துட்டுப் பார்க்கப் போனோம். எல்லாத்தையும் பார்த்துட்டு, "சால்வையெல்லாம் எதுக்கு அண்ணாச்சி? நான் வேலைக்குல்லா வந்திருக்கேன்"னாங்க. எங்க ஊர்ல அண்ணாச்சின்னா மளிகைக் கடைக்காரருங்க. தலைவருக்கு அப்பவே மூஞ்சி மாறிப்போச்சு.

மொதல் வாரத்துலயே தடுப்புல இருந்த உபயம் எழுத்தை எல்லாம் பெயிண்ட் அடிச்சு அழிச்சாங்க. சரி போகட்டும்னு இருந்தோம். அப்பறம் மில்லுக்கு வந்து டிவியைக் கழட்டச் சொல்லீட்டாங்க. நானும் அப்ப அங்கதான் இருந்தேன்.

தலைவர் பொறுமையாத்தான் சொன்னாரு. "மேடம், இதெல்லாம் நாங்க வாங்கிக் குடுத்ததுங்க."

"குடுத்துட்டியள்லா அண்ணாச்சி? அப்ப அது ஸ்டேஷனோடது. கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவரு, அதை வீட்டுல இருந்தே அடிப்பேன்னு சொல்லுவாரா?"

சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. ஆனா ஒயரைப் புடுங்கறதுக்குக் கையோட ஆள் கூட்டியாந்திருந்தாங்க.

அன்னிக்கே சங்கத்துல கூட்டம் போட்டோம். டீசலை நிறுத்துனோம். ஏசி ரிப்பேருன்னாங்க, ஆள் அனுப்பலை. தானா வழிக்கு வருவாங்கன்னு பார்த்தோம். அந்தம்மா ஒரு பழைய ஸ்கூட்டர்ல வர ஆரம்பிச்சுட்டாங்க. இன்ஸ்பெக்டருங்க! வெய்யல்ல ஹெல்மெட்டோட ஸ்கூட்டர்ல போனா ஊர்ல யாருங்க பயப்படுவாங்க? ரூமுக்குள்ள புழுக்கமா இருக்குதுன்னு மேசையைக் கொண்டாந்து வராண்டாவுல போட்டுக்கிட்டாங்க. அப்பறம் கேக்கணுமா? காய்க்காரி, பூக்காரி, களத்துல வேலை செய்யறவ, ரோட்டுல போற வர்றவ எல்லாம் நேரா அந்த மேசைக்குப் போய் நிக்கறாங்க. எங்களுக்கு முன்னால அவங்களுக்கு நாற்காலி. நான் ஒருநாள் போயி அரைமணி நேரம் நின்னனுங்க. "இருங்க அண்ணாச்சி, இந்தப் பெரியம்மா முன்னால வந்தாவ"ன்னு சொல்லீட்டாங்க. நாம போட்டுக் குடுத்த கூரைக்குக் கீழ.

இதெல்லாம் கூடப் பரவால்லைங்க. பொறுத்துக்கலாம். என்ற கடை விசயம்தான் எனக்குத் தாங்கலை.

என்ற கடையில காப்பர் ஒயர் காணாமப் போச்சு. மோட்டார் வைண்டிங் பண்றதுக்கு வெச்சிருந்தது. ஒரு தடவையா, ரெண்டு தடவையா, கொஞ்சம் கொஞ்சமாக் கொறஞ்சுட்டே இருந்துச்சு. கடையில மாராத்தாள்னு ஒருத்தி கூட்டிப் பெருக்கி, சாமான் எடுத்துக் குடுத்துட்டு இருந்தா. புருசன் இல்லாதவ. ரொம்ப வருசமா இருந்தவதான். நல்லவதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா குடோன் சாவி அவ கையில போகும், வரும். வேற யாரைங்க நெனைக்கறது?

கடையில நாலு கஸ்டமரு இருக்கறப்பவே கேட்டுப் போட்டேன். "மொதலாளி, நானுங்களா?"ன்னா. அவ்வளவுதான். வெளக்கமாத்தை ஓரமாச் சாத்தீட்டுப் படியெறங்கிப் போயிட்டா. தப்பில்லைன்னா அங்கயே நின்னு பேசோணுமில்லீங்க?

ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். "மேடம், கூப்பிட்டுச் சித்தே மெரட்டுங்க போதும், கேஸெல்லாம் வேண்டாம்"னேன். அந்தம்மா, "எழுதிக் குடுங்க அண்ணாச்சி. எழுத்துல இல்லாம ஒரு பொம்பளையை நான் எப்படிக் கூப்பிட?"ங்கறாங்க. நாலு வார்த்தை மெரட்டறதுக்கு எழுத்து எதுக்குங்க? நான் எழுதலை. விட்டுட்டேன்.

அவங்க விடலை. மத்தியானம் கடைக்கு வந்தாங்க. டீ சொன்னேன், வேண்டாம்னுட்டாங்க. "செத்த ஸ்டேஷன் வரைக்கும் வாங்க"ன்னு கூட்டிப் போயி அந்த டிவி முன்னால உக்கார வெச்சாங்க. மத்த போலீசை எல்லாம் வெளிய அனுப்பீட்டாங்க. என்ற கடைக்குப் பின்னால ஒரு சந்து. அந்த முக்குக்குக் கேமரா வேணும்னு சங்கத்துல கேட்டு வாங்கிப் போட்டதே நாந்தானுங்க. அதுல தெரியுது. நான் சாப்பிடப் போற நேரம் பார்த்து, பின்கதவுல இருந்து என்ற பையன் கவின் ஒயர்ச் சுருளை எடுத்துட்டு வந்து வண்டியில வெக்கறான். அன்னிக்கு மட்டுமில்லை. இன்னொரு நாளும். இன்னொரு நாளும்.

அந்தம்மா டிவியை நிறுத்துனாங்க. மெதுவாத்தான் பேசுனாங்க. "வெளிய யாருக்கும் தெரியாது. நீங்க வீட்டுல வச்சுப் பேசிக்கிடுங்க. காலேஜ் முடிச்ச பையன், கேஸுன்னு போனா பாழாப் போயிருவான். ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அந்தம்மாவை எல்லாரு முன்னாலயும் கேட்டியளாம். எல்லாரு முன்னாலயும் கூப்பிட்டு, நீ எடுக்கலைன்னு சொல்லிருங்க."

எந்திரிச்சு வந்துட்டேன். என்னையக் குத்துனது பையன் எடுத்தான்ங்கறது கூட இல்லீங்க. அவன் கடைதான அது? நாளைக்கு அவனுக்கு வரப் போறதுதான? எடுத்தா என்ன? ஊரை மேய்க்கறதுக்கு நாங்க வாங்கிக் குடுத்த கேமரா, அதுல எங்க வூட்டையே ஒருத்தி பார்த்துட்டு இருக்கறா. என்ற குடும்பத்து மானம் அந்தம்மா மேசையில கெடக்குது. அவங்க ரோட்டுல எதுத்தாப்புல வந்தாலே எனக்கு வெசனமாப் போயிரும். யார்கிட்டயும் சொல்லலைதான். ஒரு வார்த்தை சொல்லலை. ஆனா தெரியுமில்லீங்க?

பையனைக் கேக்கலை. கேட்டா மொகத்தைத் தூக்கி வெச்சுக்குவான். வூட்டுக்காரிகிட்டயும் சொல்லலை. குடோனுக்குப் பூட்டை மாத்திட்டேன். மாராத்தாளும் அப்பறம் வரலை, நானும் கூப்பிடலை. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கூப்பிடறது? அவ பஸ் ஸ்டேண்டு பேக்கரிக்குப் பக்கத்துல பிளாட்பாரத்துல கடலையும் மொச்சையும் அவிச்சு விக்க ஆரம்பிச்சுட்டா. நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு வகையில அவளுக்கு நல்லதாவே போச்சுங்க.

அதுக்கப்பறம்தான் தலைவர், அந்தம்மாவை மாத்தோணும்னு மனு எழுதுனாரு. மொதல் கையெழுத்து தலைவர், ரெண்டாவது நான். கடையடைப்புப் பண்ணுனோம். எங்களுக்கு எதுத்து பிளாட்பாரத்துக்காரங்க, ஆட்டோக்காரங்க, களத்து ஆளுக எல்லாம் ஊர்வலம் வந்தாங்க, அந்தம்மா இருக்கட்டும்னு. மாராத்தாள் முன்னாலதான் நடந்து வந்தா. என்ற கடைக்கு நேரா வந்தப்ப ஒரு பார்வை பார்த்தா பாருங்க. நான் ஷட்டரை எறக்கிட்டு உள்ள இருந்தேன். ஷட்டர் சந்து வழியாத் தெரிஞ்சுது.

மேலிடத்துல தலைவருக்கு ஆள் இருந்துச்சு. மாத்தல் வந்துருச்சு. அவங்க போன அன்னிக்கு பஸ் ஸ்டேண்டுல அந்தப் பொம்பளைக எல்லாம் சுத்தி நின்னு அழுகறாங்க. ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்க ஆளுக வெடி வெடிச்சாங்க. வெடி நான் வாங்கலீங்க. தலைவர் வாங்குனது. நான் நின்னுட்டு இருந்தேன், அவ்வளவுதான். அந்தம்மா பஸ் ஏறறப்பத் திரும்பி, "வாரேன் அண்ணாச்சி"ன்னாங்க. எல்லாரையும் பார்த்துச் சொன்ன மாதிரித்தான் இருந்துச்சு. என்னைய மட்டும் சொன்ன மாதிரியும் இருந்துச்சு.

புதுசா வந்தவரு நம்ம தோதுக்கு ஒத்து வர்ற மனுசன். சால்வையைப் போட்டுக்கிட்டாரு. டீசல் ஓடுச்சு, ஏசி ஓடுச்சு, மேசை உள்ள போச்சு. மில்லுக்கு டிவி திரும்பி வந்துச்சு. பழையபடி ஆயிருச்சுன்னு நெனைச்சேன்.

அந்த சமயத்துல சங்கத்துக்குத் தேர்தல் வந்துச்சு. இத்தனை வருசம் செயலாளரா ஓடியாடினவன், ஒரு தடவை தலைவராகலாம்னு நெனைக்கறது தப்புங்களா? தலைவர் என்னைக் கூப்பிட்டு, "அவிநாசி, உனக்கு ஓடற வேலைதான் சரிப்படும். உக்கார்ற வேலையை நான் பார்த்துக்கறேன்"னாரு. அந்தச் சொல்லு எனக்கு ஆகலை. நின்னேன். தோத்துட்டேன். கூடவே இருந்தவங்க கூட ஓட்டுப் போடலை. செயலாளரும் போச்சு.

அதோட விட்டிருக்கலாமுங்க. மில்லு லாரி தெனமும் என்ற கடைக்கு முன்னால வந்து நிக்கும். பருப்பு மூட்டை எறக்கறமாதிரி பாவலா. ஒரு கஸ்டமரு உள்ள வர முடியாது. ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். எடுக்கலை. நேர்ல போனேன். உக்காரச் சொல்லலை. "ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கங்க"ன்னு சொல்லி அனுப்பீட்டாங்க.

ஒருநாள் பேக்கரி முன்னால லாரி பின்னால வந்து என்ற பையன் வண்டியை இடிச்சுருச்சு. பையன் கேட்டிருக்கறான். மில்லு மேனேஜர் எறங்கி வந்து கன்னத்துல ஒண்ணு வெச்சுட்டான். பையன் தள்ளி விட்டான். அவ்வளவுதான் நடந்தது. கொஞ்ச நேரத்துல ஜீப்பு வந்து கவினை மட்டும் ஏத்திட்டுப் போயிருச்சு. எங்க டீசல்ல ஓடற ஜீப்பு.

நான் போறப்ப அவன் செவத்தோரம் தரையில உக்காந்திருந்தான். சட்டை இல்லை. "என்னங்க கேஸு?"ன்னேன். "கேஸெல்லாம் இல்லீங்க, சும்மா கூப்பிட்டு நாலு வார்த்தை பேசுனோம்"ங்கறாரு அந்த இன்ஸ்பெக்டரு. "கம்ப்ளைண்ட் யாரு குடுத்தது?" "கம்ப்ளைண்ட் எதுக்குங்க? தலைவர் போன் பண்ணுனாரு." பொழுதோட விட்டாங்க. வூட்டுக்கு வந்தவன் கூப்பிட்டாத் திரும்பலை. ஸ்டேஷன்ல விட்ட அறையில எடது காது கேக்கலைங்க. டாக்டர் பார்த்துட்டு, உள்ள சவ்வு கிழிஞ்சிருக்குது, ஆபரேசன் பண்ணுனாலும் பழைய மாதிரி வருமான்னு சொல்ல முடியாதுன்னுட்டாரு. இருபத்திமூணு வயசுப் பையனுங்க. பேசறவங்க மொகத்தையே பார்த்துட்டு இருக்கறான் இப்ப.

இது எந்த ஊரு நியாயமுங்க? எழுத்துல ஒரு கம்ப்ளைண்ட் இல்லாம, விசாரிக்காமக் கொள்ளாம, ஒருத்தனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு அடிக்கறது? நான் கேமராவைக் காட்டுங்கன்னேன். பேக்கரி முக்குல இருக்குதே, யாரு மொதல்ல கையை ஓங்குனதுன்னு தெரிஞ்சுருமே. அதுக்கு அந்த இன்ஸ்பெக்டர், "அதெல்லாம் இப்ப மில்லுலதாங்க பதிவாகுது. அங்க போய்க் கேளுங்க"ங்கறாரு. மில்லுல கேட்டா, அன்னிக்குக் கரண்டு இல்லைங்களாமா.

அப்பத்தான் இங்க வர ஆரம்பிச்சேன். உள்ள ஒரு அதிகாரி இருக்கறாரு. நல்லாத்தான் பேசறாரு. "பார்த்த சாட்சி ஒருத்தர் வேணும். ஒருத்தர் வந்து சொன்னாப் போதும், நான் விசாரிக்கறேன்"னாரு. பேக்கரிக்காரன் சங்கத்துல இருக்கறவன், வாயைத் தொறக்க மாட்டான். ஆட்டோக்காரங்க, "அன்னிக்கு வெடி போட்டீங்களே"ன்னு சொல்லீட்டு வண்டியை எடுத்துட்டுப் போறாங்க. மீதி யாரு?

மாராத்தாள்தான். பத்தடி தள்ளி உக்காந்திருந்திருக்கறா. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்தவ அவ ஒருத்திதான். ஜீப்புல ஏத்தறப்ப, "புள்ளை மேல தப்பில்லீங்க"ன்னு போலீஸ்காரங்ககிட்டச் சொல்லியிருக்கறா. பையனே சொன்னான்.

போனேன். வூட்டுக்காரியும் கூட வர்றேன்னா, வேண்டாம்னு சொல்லீட்டு நான் மட்டும் போனேன். கடலை வாங்கறமாதிரி நின்னேன். பொட்டலம் கட்டிக் குடுத்தா. மொதலாளின்னு கூப்பிடலை. விசயத்தைச் சொன்னேன்.

"காது கேக்கவே இல்லீங்களா?"ன்னா.

"ஒரு பக்கம் இல்லை"ன்னேன்.

கண்ணுல தண்ணி வந்துருச்சு அவளுக்கு. கவின் சின்னதுல கடைக்கு வந்தா அவ மடியிலதான் உக்காந்திருப்பான். முந்தானைல தொடைச்சுக்கிட்டா. "நான் வந்து சொல்றனுங்க. எந்த அதிகாரிகிட்ட வேணும்னாலும் சொல்றேன். அதுக்கு முந்தி நீங்க ஒண்ணு சொல்லோணும்"னா.

"என்ன?"

"ஒயரை நான் எடுக்கலைன்னு. உங்க கடைப் படியில நின்னு, நாலு பேரு கேக்கற மாதிரிச் சொல்லுங்க. அன்னிக்கும் நாலு பேரு இருந்தாங்களே."

"அது முடிஞ்ச கதை மாராத்தா. உன்னைய யாரு இப்பத் தப்பா நெனைக்கறாங்க?"ன்னேன்.

"என்ற மக கல்யாணத்துல அந்தப் பேச்சுத்தானுங்க வந்துச்சு. ஒயரைத் திருடுனவ மகதானேன்னு கேட்டுட்டு மாப்பிள்ளை பக்கத்துச் சொந்தக்காரங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க"ன்னா. சத்தம் போடலை. அழுகலை. அடுத்த ஆளுக்கு மொச்சையை அள்ளிப் போட்டுட்டே சொன்னா.

அது எனக்குத் தெரியாதுங்க. அவ மக கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வெக்கலை. வெச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்.

"மொதல்ல வந்து சாட்சி சொல்லு, அப்பறம் பார்த்துக்கலாம்"னேன். "மொதல்ல நீங்க சொல்லுங்க"ன்னா. அவ்வளவுதான் பேச்சு. நானும் ரெண்டு மூணு தடவை போயிட்டேன். அதே வார்த்தைதான். கோவமாக் கூடச் சொல்ல மாட்டேங்கறா. வூட்டுக்காரி கேக்கறா, "அது என்னங்க பெரிய விசயம், ஒரு வார்த்தை சொல்லீட்டு வந்தா என்ன?"ன்னு. அவளுக்கு என்ன தெரியும்?

ஒரு வார்த்தைதானுங்க. எனக்கும் தெரியுது. கடைப் படியில நின்னு, மாராத்தாள் எடுக்கலைன்னு சொல்லிப் போடலாம். சொல்றதுக்கு எவ்வளவு நேரமாகும்? ஆனா சொன்னா, அப்ப யாரு எடுத்ததுன்னு கேப்பாங்கல்ல? நாளைக்கு அதே வாய்லதான என்ற பையன் தப்பே பண்ணாதவன்னு நான் சொல்லோணும்? தலைவர் சும்மா இருப்பாரா? காதுல அடி வாங்குனவனுக்குத் திருடன்னு பேரும் சேர்ந்து வந்துரும். அவனுக்கு இன்னும் பொண்ணு பார்க்கோணுமுங்க.

அதுதான் இப்படி வந்து வந்து உக்காந்துட்டுப் போறேன். சாட்சி எங்கன்னு அவங்க கேப்பாங்க. அடுத்த வாட்டி கூட்டி வர்றனுங்கன்னு நான் சொல்லுவேன்.

ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க ஊருக்குப் போற பஸ்ஸு எங்க ஊரு வழியாத்தான போகுது? பேக்கரிகிட்ட நின்னுதான் ஆள் ஏத்துவான். அன்னிக்கு நீங்க அந்தப் பஸ்ஸுல இருந்ததா, சன்னலோரம் உக்காந்து பார்த்ததா ஒரே ஒரு கையெழுத்துங்க. நடந்ததெல்லாம் நெசந்தான். பொய்யின்னு ஒண்ணும் கெடையாது. பார்த்தேன்னு சொல்ல ஒரு ஆளுதான் வேணும்.

சரிங்க. வேண்டாமுங்க. வேண்டாம்னா விடுங்க. அட, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? உக்காருங்க. நான் வேணா அந்தக் கோடியில போயி உக்காந்துக்கறேன்.